முழங்கால் கறை

யார் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற மனிதர் எங்கள் அத்தான், அதாவது என் அக்காவின் புருஷன். எஹலியகொட பஸ்ஸில் கொண்டக்டர் "பண்டா, உள்ளுக்குப் போ" என்றால் மறுபேச்சில்லாமல் உள்ளே போவார். மரக்கறிக் கடைக்காரி "சோமே" என்று இன்னொரு சிங்களப் பேர் சொல்வாள். அதற்கும் சிரிப்பார். எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொரை அவரை "முத்தையா" என்றுதான் கூப்பிட்டார். முத்தையா என்பவர் ஸ்டோரில் அவருக்கு முன்னால் வேலை பார்த்து, வயசாகி இளைப்பாறி, செத்தும் போனவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தொரை வாயில் அந்தப் பேர் வந்துவிட்டது. அத்தான் "ஆமாங்க தொரை" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தொரை மாற்றலாகிப் போகும்வரை அத்தான் முத்தையாவாகவே இருந்தார்.

"நான் முத்தையா இல்லீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன அத்தான்?" என்று கேட்டிருக்கிறேன். அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், வாய் மட்டும் பெரிசு.

"கூப்பிடுறது வேலைக்குத்தானே புள்ள. திருத்தி என்ன ஆகப்போவுது?"

இதுதான் அவருடைய வேதவாக்கு. திருத்தி என்ன ஆகப்போகிறது. கறியில் உப்பில்லை என்றால் சொல்லமாட்டார். கடையில் கேட்டது ஒன்று, கட்டிக் கொடுத்தது ஒன்று என்றால் கொடுத்ததோடு வீட்டுக்கு வருவார். அக்கா தலையிலடித்துக்கொள்வாள். பயந்த மனிதர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பயம் மட்டும் இல்லை. தப்பாகச் சொன்னவரின் முகம் சுருங்குவதைப் பார்க்க அவருக்கு முடியாது. அவரைப் பொறுத்தவரை அதைவிடப் பண்டாவாகவும் முத்தையாவாகவும் இருந்துவிட்டுப் போவது சுலபம்.

பயத்துக்கும் காரணம் இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் அவர் மீசை முளைக்காத பையன். இரத்தினபுரி ரோட்டில் ஒரு சிங்களக் கூட்டம் மறித்து, நீ யாருடா என்று கேட்டிருக்கிறது. சைக்கிளில் பாண், அதாவது ரொட்டி, விற்கிற சிங்களவர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்து, "அது நம்ம சிறிபால, எங்க ஊர்ப் பையன்" என்றாராம். அத்தான் தலையை ஆட்டினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பாண்காரர் கிடைக்கவில்லை. இதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் சோற்றைப் பிசைந்துகொண்டே. நானும் அக்காவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். அவர் நிறுத்தவில்லை.

ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டாக்குகிற இடம். ரோலரில் கொடுத்து எடுத்த ஷீட்டைத் தண்ணீரில் அலசிப் புகைக்கூட்டில் தொங்கப்போடுவது அத்தானின் வேலை. ரப்பர் விலை விழுந்து, ஸ்டோரை மூடிப் பாலைப் பவுசர் லொறியில் வேறு தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கியபோது அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்போதுதான் குவைத்தில் ஹோட்டல் வேலை என்று ஓர் ஏஜென்ட் வந்தான். ஹோட்டல் என்றதும் அக்கா கண்ணாடிக் கதவையும் பூச்சட்டியையும் கற்பனை செய்துகொண்டு ஊரெல்லாம் சொன்னாள். அங்கே போய் இறங்கினால், ஒரு பஸ்ஸில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம், ஈராக்கில், பாலைவனத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பட்டாள முகாமில் விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் ஒருவன் வந்து, "இஷ்டப்பட்டுத்தானே எல்லாரும் வாரீங்க?" என்று கேட்டானாம். மற்றவர்கள் கத்தியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள். எங்கள் அத்தான் தலையை ஆட்டியிருப்பார். நான் பார்க்கவில்லை, ஆனால் சத்தியம் பண்ணுவேன்.

முகாமில் அவருக்குக் கிடைத்த வேலை உடுப்புக் கழுவுவது. மெஷின்தான் கழுவும். ஆனாலும் பையை வாங்குவது, பிரிப்பது, கறை பார்ப்பது, ஊறப்போடுவது, மடிப்பது எல்லாம் கை வேலை. ஒரு ஹெலிகொப்டர் பிரிவுக்கு அத்தானும் இன்னும் சில பேரும் பொறுப்பு. எஹலியகொட டவுனில் நான் தையல் வேலை பார்த்த கடைக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன், அதாவது டெலிபோன் கடை, இருந்தது. அத்தான் அங்கே கோல் எடுப்பார். அக்கா மலையிலிருந்து இறங்கி வந்து சேருவதற்குள் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். அதனால் பட்டாளத்துக்காரன் வாழ்க்கை எனக்கு நன்றாகத் தெரியும், அழுக்குப் பக்கத்திலிருந்து.

பட்டாளம் என்றால் சுடுவதும் சாவதும்தான் என்று நினைத்திருந்தேன். "அதெல்லாம் கொஞ்சந்தான் புள்ள. காத்துக்கிட்டு இருக்கிறதுதான் வேல," என்பார் அத்தான். விடியும்முன்னே மெக்கானிக் பையன்கள் ஏணி வைத்து ஏறி, ராத்திரி விழுந்த புழுதியை ஹெலிகொப்டரின் மூட்டு மூட்டாகத் துடைப்பார்கள். துடைத்து முடிக்கும்போது இன்னொரு ஹெலி வந்து இறங்கும், திரும்பவும் புழுதி. பைலட்மார் பகலெல்லாம் கறுப்புத்துணி கட்டிய அறையில் தூங்குவார்கள். சாப்பாட்டுக்கு கியூ, குளிக்க கியூ, வீட்டுக்கு டெலிபோன் பேச கியூ. பேசிவிட்டு வருகிறவன் முகத்தைப் பார்த்தே அவன் பொஞ்சாதி என்ன சொன்னாள் என்று தெரிந்துவிடுமாம். சைரன் அடித்தால் நின்ற இடத்தில் குப்புற விழ வேண்டும். அத்தான் ஈரத்துணிக்கு நடுவில் விழுந்துகிடப்பார். "குளு குளுன்னு இருக்கும்," என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அவர்கள் உடுப்பில் மண்ணெண்ணெய் மணக்கும் என்பார். மெக்கானிக் என்றால் முழங்கையில் கிரீஸ். பைலட் என்றால் முதுகில் உப்புப் பூத்திருக்கும். அடிபட்டவர்களைத் தூக்கிவருகிற ஹெலியில் போகிற மருந்துக்காரப் பையன்களின் கால்சட்டையில் மட்டும் முழங்காலில் ரத்தம் இருக்கும். "எப்பவும் முழங்கால்லதான் புள்ள. ரெண்டு முழங்கால்லயும். சுடுதண்ணியில போட்டா ஒட்டிக்கும். பச்சத்தண்ணியில ஊறப்போட்டுக் கையால கசக்கணும்."

அந்த முகாமிலும் அவருக்கு ஒரு பேர் கிடைத்தது. முகமெல்லாம் செம்புள்ளி விழுந்த ஒரு மெக்கானிக் பையன் அவரை இந்தியாக்காரர் என்று முடிவு செய்து, "ராஜா" என்று கூப்பிட்டான். உன் வீட்டில் யானை இருக்கிறதா என்று கேட்டான். அத்தான் இருக்கிறது என்றார். யானைக்குப் பேர் என்ன என்றான். "முத்தையா" என்றார். பிறகு பை கொடுக்க வரும்போதெல்லாம் அந்தப் பையன் முத்தையா சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேட்பான். அத்தானும் பதில் சொல்வார். அவன் ஊருக்குத் திரும்பும்போது, ஹெலிகொப்டர் படம் தைத்த தன் தொப்பியைக் கழற்றி, முத்தையாவுக்குப் போட்டுவிடு என்று கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் குடும்பத்தின் நாசம் அந்தத் தொப்பியில்தான் வந்தது.

அத்தான் கண்டிராக்ட் முடிந்து வந்து இறங்கிய அன்று, பெட்டியிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்து மகள் செல்வியின் தலையில் வைத்தார். லயத்து வரிசை வீடுகளிலிருந்த பிள்ளைகளெல்லாம் வாசலில் மொய்த்துவிட்டார்கள். "மாமா பட்டாளத்துலயா இருந்தீங்க?" என்று ஒரு பொடியன் கேட்டான். அத்தான் சிரித்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

ஏன் என்று வெளியாருக்குப் புரியாது. எங்கள் தோட்டத்தில் டோபிக் குடும்பம் ஒன்று இருந்தது. சாவுக்கும் சடங்குக்கும் அவர்கள் வெளுத்த மாத்துத் துணி விரிக்காமல் எதுவும் நடக்காது. ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டோம். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தபோது பாத்திரம் பண்டத்தைத் தொலைத்த எங்கள் பாட்டன்மார் சாதியை மட்டும் முடிச்சுப் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அக்கா புருஷன் ஊரான் உள்சட்டையைக் கழுவினார் என்று தெரிந்தால் என்ன ஆகும்? அன்று கதவைச் சாத்திக்கொண்டு அக்கா சொன்னாள்: "டோபி வேல பாத்தீங்கன்னு ஒரு சொல்லு வெளிய போகக்கூடாது. வயசுக்கு வந்த புள்ள இருக்கு. யாரும் என்னமும் நெனச்சுக்கிட்டுப் போகட்டும்."

இல்லை என்று சொல்லாமல் இருப்பதுதானே வேலை. அத்தானைவிட அதற்குப் பொருத்தமான ஆள் இந்த உலகத்தில் இல்லை.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். கடை வாசலில் உட்கார்ந்து, "எங்க யூனிட்டுல ஹெலி எறங்குறப்ப..." என்று தொடங்குவார். நாங்கள் "எங்க தோட்டம்" என்று சொல்லவில்லையா? அதில் ஒரு மரம், பால் பிடிக்கிற ஒரு சிரட்டை எங்களுக்குச் சொந்தமா? எந்த இடத்தில் முதுகு ஒடிந்ததோ அதை எங்களது என்று சொல்லிப் பழகிவிட்டோம். கேட்கிறவர்கள் அவரைத் துப்பாக்கியோடு ஹெலியில் உட்காரவைத்தார்கள். தோட்டத்துக்கு அடியில் இருக்கிற சிங்களக் கிராமத்துப் பையன்களும் வந்து கேட்டார்கள். அந்தக் கிராமத்தில் வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்தில் இருந்தான். அவர்கள் அத்தானுக்கு நாற்காலி போட்டார்கள். தமிழன் என்றால் ரோட்டில் மறித்து அடையாள அட்டை கேட்கிற காலம் அது. அந்த மனிதருக்கு மட்டும் சல்யூட் அடித்தார்கள். அவர் அதையும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா கித்துள் மரத்துக் கருப்பட்டி விற்க லயத்துக்கு வருவாள். நாங்கள் கருப்பட்டி அம்மே என்போம். பட்டாளத்திலிருந்த அவளுடைய மகன் வடக்குச் சண்டையில் செத்துப்போனான். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடிபட்ட பிறகு ஹெலிகொப்டரில் ஏற்றினார்கள், வழியில் உயிர் போயிற்று, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பிக்குமாருக்குக் கொடுக்கிற ஏழாம் நாள் தானம் முடிந்து, வெள்ளைச் சேலையோடு எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கு வந்தாள். கையில் கருப்பட்டி இருந்தது. விற்க வரவில்லை.

"புத்தா, நீ ஹெலியில இருந்தவன்," என்றாள் சிங்களத்தில். புத்தா என்றால் மகனே. "நீதான் சொல்லணும். ஏத்தினதுக்கப்புறம் என்ன செய்வாங்க? பக்கத்துல யாரும் இருப்பாங்களா? தண்ணி கேட்டா கொடுப்பாங்களா?"

நான் அங்கேதான் இருந்தேன். அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா அடுப்பைப் பார்த்தாள். பிறகு அவர் நல்ல சிங்களத்தில், மெதுவாகச் சொன்னார்: "இருப்பாங்க அம்மே. மருந்துக்காரப் பையன் ஒருத்தன் பக்கத்துலயே முழங்கால் போட்டு உக்காந்திருப்பான். எறங்கிற வரைக்கும் எழும்பவே மாட்டான். கையப் பிடிச்சுக்கிட்டு இருப்பான். பஞ்சுல தண்ணி நனைச்சு ஒதட்டுல வைப்பான்."

"முழங்கால் போட்டா?"

"ரெண்டு முழங்காலும் போட்டு."

அவள் அழவில்லை. பல நாளைக்குப் பிறகு அன்று சோறு தின்றதாகப் பிறகு சொன்னாள். எங்கள் வீட்டிலேயே தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பௌர்ணமிப் போயாவுக்கும் வருவாள், அதே கேள்வியைக் கேட்பாள், அத்தானும் அதே பதிலைச் சொல்வார். பன்சலைக்குப் போய்ப் புத்தரைக் கும்பிட்டுவருகிற மாதிரி அவளுக்கு அது பழகிப்போயிற்று.

ஆனால் பேச்சுக்குக் கால் முளைக்கும். அந்த அம்மா கடையில் சொன்னாள்: தோட்டத்துப் பட்டாளத்துக்காரர் ஹெலியில் என் மகனைப் போன்றவர்களைத் தூக்கியிருக்கிறார். அடுத்த வாயில் அது, அவள் மகனையே தூக்கினார் என்று ஆயிற்று. அதற்கடுத்த வாயில், அத்தான் வெளிநாட்டில் பழகிவிட்டு வந்து இங்கே சண்டை நடக்கிற வன்னிக்கு மேல் ஹெலி ஓட்டுகிறார், லீவில்தான் வீட்டுக்கு வருகிறார். லயத்து வாசலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விறகு பிளக்கிற மனிதர் எப்போது வன்னிக்குப் போய் எப்போது திரும்பினார் என்று யாரும் யோசிக்கவில்லை.

கிராமத்துக்கு அவர் வீரர். லயத்துக்கு அவர் வேறு. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அக்கா குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. "நம்ம ஆளுக தலையிலயே குண்டு போட்டுட்டு வந்து எப்படித்தான் சோறு எறங்குதோ," என்று காதுபடவே சொன்னார்கள். அத்தான் கேட்டுக்கொண்டே போனார்.

அந்த நேரத்தில்தான் செல்விக்கு ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். நல்ல பையன், அவளுக்கும் பிடித்திருந்தது. இருவரும் போனில் பேசிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை குடும்பம் எழுபத்தேழு கலவரத்தில் அடிபட்டு லொறியேறி வன்னிக்குப் போய்க் குடியிருந்தது. அந்த வருஷம் அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, பெண்ணின் அப்பா வன்னியில் ஹெலி ஓட்டினவர் என்ற பேச்சுப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா நேரில் வந்தார். நாகரிகமான மனிதர். சத்தம் போடவில்லை.

"நெசமா பொய்யான்னு நீங்க சொன்னா கேட்டுக்கிறோம்," என்றார்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான் சொன்னாள், பொய் என்று. "அப்ப அங்க என்னா வேல பாத்தாரு?" என்று கேட்டார் அவர். அக்கா எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

போர் முடிந்த வைகாசி அது. எங்கும் வெடி, கொடி, ரோட்டில் போகிறவர்களை மறித்துப் பால்சோறு. கிராமத்துப் பையன்கள் முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், நாளைக்கு டிரக்டரில் ஊர்வலம், ஹெலி அண்ணனை முன்னால் உட்காரவைத்துத் தோட்டம் வழியாகக் கொண்டுபோகப் போகிறோம் என்று. அத்தான் சிரித்துத் தலையாட்டி அனுப்பினார். அக்கா அன்று உலை வைக்கவில்லை.

"நீங்க நாளைக்கு அதுல ஏறினா செல்வி கல்யாணம் முடிஞ்சுது," என்றாள். "டோபின்னாலும் பரவாயில்லங்க. கொன்னவன்னு பேர் வேணாம். அவுங்க முன்னுக்கே சொல்லுங்க, சிங்களத்துலயே. பேச்சு அங்கயிருந்துதானே வந்துச்சு."

"அந்த அம்மாவும் வருமே," என்றார் அத்தான்.

"நம்ம புள்ளயப் பாப்பீங்களா, ஊரான் அம்மாவப் பாப்பீங்களா?"

மறுநாள் காலையிலேயே மேளச் சத்தம் ஏறி வந்தது. லயத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் நின்றேன். டிரக்டர் எங்கள் வாசலில் நின்றது. அது இழுத்துவந்த பெட்டியில் கொடிகளுக்கு நடுவில் ஒரு கதிரை போட்டுக் கருப்பட்டி அம்மேயை உட்காரவைத்திருந்தார்கள். மடியில் மகனின் படம். ஒரு பையன் வாழையிலையில் பால்சோற்றோடு குதித்து இறங்கி, அத்தானின் கையைப் பிடித்து இழுத்தான்.

அத்தான் நகரவில்லை. "நான் பட்டாளத்துல இருக்கல்ல தம்பி," என்றார் சிங்களத்தில்.

பையன் சிரித்தான். தன்னடக்கம் என்று நினைத்திருப்பான். அத்தான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்: "நான் உடுப்புக் கழுவினேன். அவுங்க அழுக்குத்துணிய வாங்கிக் கழுவி மடிச்சுக் கொடுத்தேன். ஹெலியில ஒரு நாளும் ஏறினதில்ல. நம்ம நாட்டுப் பட்டாளத்தக் கிட்டப்போய்ப் பாத்ததும் இல்ல."

மேளம் நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மனிதர் ஒன்றைத் திருத்தினார். பையன் கையை விட்டான். விட்ட கையைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். வேண்டுமென்று செய்தானா, வியர்வையா என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து யாரோ, இத்தனை நாள் நம்மை ஏமாற்றியிருக்கிறான் என்றார்கள்.

கருப்பட்டி அம்மே கதிரையிலிருந்து எழுந்தாள். மகன் படத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அப்ப என் மகன் பக்கத்துல யாரும் முழங்கால் போட்டு இருக்கலையா?"

அவர் அவளை நேராகப் பார்த்தார். அப்போது என்ன நினைத்தாரோ. பொய்க்காரன் என்று ஆன பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவிவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"எனக்குத் தெரியாது அம்மே," என்றார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். டிரக்டர் கிளம்பியது. பால்சோற்றைப் பையன் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சிங்களம் தெரியாதவர்கள் எங்கள் லயத்தில் யாரும் இல்லை, அதனால் மொழிபெயர்க்க வேண்டிய வேலை இருக்கவில்லை.

ஓப்பநாயக்கவுக்கும் அந்தச் செய்தி போயிற்று. தாய்மாமா திரும்ப வந்தார். அதே நாகரிகம். "கொன்னவரில்லன்னு தெரிஞ்சது எங்களுக்கு ரொம்பச் சந்தோசங்க," என்றார். "ஆனா கண்டவன் உள்சட்டையக் கழுவின கையில தாம்பூலம் மாத்திக்க எங்க பக்கத்துல ஒத்துக்கமாட்டாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." அக்கா கொடுத்த தேத்தண்ணீரை அவர் தொடவில்லை. அந்தக் கோப்பையைக் கொண்டுபோய் அவர் தலையில் ஊற்றியிருக்க வேண்டும். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. குண்டு போட்ட கையென்று வேண்டாம் என்றவர்களுக்கு, ரத்தம் கழுவின கையும் வேண்டாம். அவர்களுக்கு எந்தக் கைதான் வேண்டும்?

செல்வி அழுதுவிட்டுக் கொழும்புக்குக் கார்மெண்ட் வேலைக்குப் போனாள். அக்கா ஹெலிகொப்டர்த் தொப்பியை அடுப்பில் வைத்தாள். அத்தானுக்கு ஸ்டோரும் இல்லை, கடை வாசல் நாற்காலியும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அவரை யாரும் முகத்துக்கு நேரே எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடவில்லை. லயத்தில் முதுகுக்குப் பின்னால் டோபி என்றார்கள். கிராமத்தில் பொய்க்காரன் என்றார்கள். எண்பத்து மூன்றில் வந்த பாண்காரர் போல ஒருவர் இந்தத் தடவை வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஒரு நாள், செல்வியைப் பார்த்துவரக் கொழும்புக்குப் போக நானும் அத்தானும் எஹலியகொடையில் பஸ்ஸுக்கு நின்றோம். பின்னாலிருந்து "புத்தா" என்று ஒரு குரல். யார் எந்தப் பேரில் கூப்பிட்டாலும் திரும்புகிற மனிதர் திரும்பவில்லை. நான்தான் திரும்பினேன். கருப்பட்டி அம்மே நின்றாள். இளைத்திருந்தாள். அவரிடம் நெருங்காமல் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், கையில் ஒரு கருப்பட்டிப் பொட்டலத்தைத் திணித்தாள்.

"நங்கி, ஒங்க அத்தான்கிட்டச் சொல்லு," என்றாள், சொந்தத் தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி. "எனக்குக் கோவம் இல்ல. முந்திச் சொல்ற மாதிரி இன்னொரு தடவ சொல்லச் சொல்லு. முழங்கால் போட்டு இருந்தாங்கன்னு. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. அத நெனச்சுக்கிட்டுத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

போய் அத்தானிடம் சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் சொன்னதுல அது ஒண்ணுதான் புள்ள நெசம்," என்றார் பிறகு. "அந்தக் கறைய இந்தக் கையால கசக்கியிருக்கேன். எந்த நாட்டுப் பட்டாளமா இருந்தா என்ன, சாகக் கெடக்கிறவன் பக்கத்துல மனுசன் முழங்கால் போட்டுத்தானே உக்காருவான். அன்னைக்கு அந்த அம்மா அதத்தான் கேட்டுச்சு. நான் தெரியாதுன்னுட்டேன்."

"இப்பப் போய்ச் சொல்லுங்க. அங்கதானே நிக்குது."

"பொய்யின்னு நெனச்சுக்கிட்டுக் கேக்கிறதுக்கு நிக்குது. அதுக்கு எப்படிப் புள்ள நெசத்தச் சொல்றது?"

பஸ் வந்தது. கொண்டக்டர் அவரைப் பார்த்து ஏதோ ஒரு பேரைச் சொல்லி உள்ளுக்குப் போகச் சொன்னான். அத்தான் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அந்த அம்மா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கருப்பட்டி என் மடியில் இருந்தது. கொழும்பு போய்ச் சேரும்வரை நாங்கள் இருவரும் அதைப் பிரிக்கவில்லை.